டிரான்ஸ்லேஷனல் இம்யூனாலஜி ஆய்வுக்கு வருகிறீர்களா? சேர்வதற்கு முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

நோயாளியின் உடலில் என்ன நடக்கிறது என்ற கேள்வியை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, அங்கே கிடைக்கும் விடையை மருந்தாகவோ தடுப்பூசியாகவோ பரிசோதனையாகவோ மறுபடி நோயாளியிடம் கொண்டுசேர்க்கும் வேலை இது. நான் இதில் நுழைந்தபோது நோய் எதிர்ப்பு வேலையைச் செய்யும் டி செல், பி செல், செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதமான சைட்டோகைன் எல்லாவற்றையும் சொல்லித்தர ஆள் இருந்தது. எந்த ஒப்புதலுக்கு எவ்வளவு நாளாகும், ஃப்ரீசரில் இருக்கும் ரத்தம் யாருடைய பொறுப்பு, எந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் லேப் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பதையெல்லாம் சொல்லத்தான் ஆள் இல்லை. ஒவ்வொன்றையும் முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டேன்.

நான் பார்த்தவரை, இந்தத் துறையில் பிஎச்.டி. இழுத்துக்கொண்டே போவதற்குச் சோதனை சொதப்புவது முக்கியக் காரணமில்லை. சாம்பிள் வராததுதான் காரணம். சாம்பிள் வராமல் நிற்பதும் பெரும்பாலும் ஏதோ ஒரு காகிதத்துக்காகத்தான். அதனால் கீழே வரும் படிகளில் அறிவியலைவிட ஆவணமும் காலமும் செலவும் அதிகமாக இருக்கும்.

1. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்று பாருங்கள்

இந்தத் துறைக்கு மூன்று வகையான ஆட்கள் வருகிறார்கள். மருத்துவம் படித்தவர்கள், உயிரியல் படித்தவர்கள், கணினியோ புள்ளியியலோ படித்தவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டை இருக்கும். அதை முதல் ஆண்டிலேயே அடைக்க வேண்டும்.

மருத்துவர்களுக்கு நோயாளி கிடைப்பது சுலபம், நேரம் கிடைப்பதுதான் கஷ்டம். வாரத்தில் எத்தனை நாள் ஆய்வுக்கு மட்டும் என்று நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்ன "ஆய்வு நாள்" வார்டில் ஆள் குறைந்த முதல் வாரத்திலேயே காணாமல் போய்விடும்.

உயிரியல்காரர்களுக்கு இதற்கு நேர்மாறு. லேபில் கை தேர்ந்திருக்கும், நோயாளியைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். மருத்துவர் ஒருவரை இணை வழிகாட்டியாகப் போட்டுக்கொள்ளுங்கள், பெயருக்கு இல்லாமல் நிஜமாகவே. அவர் அனுமதித்தால், நோயாளிகள் சம்மதித்தால், சில நாள் புறநோயாளிப் பிரிவில் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் எழுதும் திட்டத்தில் "ஒவ்வொரு வாரமும் 50 மில்லி ரத்தம்" என்ற வரியை அதற்குப் பிறகு நீங்களே அடித்துவிடுவீர்கள்.

கணினிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் ஒரு சாம்பிள் ரத்தக் குழாயிலிருந்து தரவுக் கோப்பாக மாறும்வரை ஒரு முறையாவது கூடவே இருந்து பாருங்கள். தரவில் தெரியும் விசித்திரங்களில் பாதி எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் புரியும்.

எலியா மனிதனா என்று ஒருவர் உங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இரண்டையும் கொஞ்சமாவது தொடும் திட்டத்தைக் கேளுங்கள். 2006-இல் லண்டனில் டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடி (குறிப்பிட்ட இலக்கைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) மருந்தை ஆறு ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார்கள். விலங்குகளில் பாதுகாப்பானது என்று கண்ட அளவில் 500-இல் ஒரு பங்குதான் கொடுத்தது. ஆறு பேருக்கும் சைட்டோகைன்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் சைட்டோகைன் புயல் வந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். அந்த ஆன்டிபாடி பிடித்துக்கொள்ளும் சிடி28 புரதம் மனிதரின் ஒரு வகை நினைவு டி செல்களில் உண்டு, சோதனைக்குப் பயன்பட்ட குரங்கின் அதே வகைச் செல்களில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மனிதச் செல்லைத் தொடாமல் இந்தத் துறையில் பயிற்சி முடித்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

2. லேபைத் தேர்ந்தெடுக்கும்போது ஃப்ரீசரைப் பற்றிக் கேளுங்கள்

எல்லோரும் வழிகாட்டியின் கட்டுரைகளைப் பார்ப்பார்கள். நீங்கள் கூடுதலாகச் சாம்பிளைப் பற்றிக் கேளுங்கள். நேர்காணலில் "கேள்வி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பார்களே, அந்த இடம் இதற்குத்தான்.

முதல் கேள்வி: இப்போது கையில் எத்தனை நோயாளிகளின் சாம்பிள் இருக்கிறது? "வரப்போகிறது" என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அடுத்தது, அவை எப்போது எடுக்கப்பட்டவை? சிகிச்சை தொடங்கும் முன்பு எடுத்ததும் அதே நோயாளியிடம் பிறகு எடுத்ததும் ஜோடியாக இருந்தால் அந்த ஃப்ரீசர் தங்கச் சுரங்கம். ரத்தம் எடுக்கும்போது நோயாளி ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தாரா என்ற குறிப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஸ்டீராய்டு ரத்தத்தில் சுற்றும் லிம்போசைட் (டி, பி செல்கள் அடங்கிய வெள்ளையணு வகை) எண்ணிக்கையையே குறைத்துவிடும். அந்தக் குறிப்பு இல்லாத சாம்பிளில் நீங்கள் காண்பது நோயின் விளைவா மருந்தின் விளைவா என்று கடைசிவரை சொல்ல முடியாது.

மூன்றாவது, செல்கள் நீக்கிய ரத்த நீரான சீரம் மட்டும் இருக்கிறதா, உயிருள்ள செல்களும் உறைய வைக்கப்பட்டிருக்கின்றனவா? சீரத்தில் ஆன்டிபாடியும் சைட்டோகைனும் அளக்கலாம். டி செல் என்ன செய்கிறது என்று பார்க்கச் செல் வேண்டும். "ஆயிரம் சாம்பிள் இருக்கிறது" என்று பெருமையாகச் சொல்லும் இடத்தில் ஆயிரமும் சீரமாக இருக்கலாம்.

நான்காவது, சாம்பிளை வெளியே எடுக்க யாருடைய கையெழுத்து வேண்டும்? சில இடங்களில் உங்கள் வழிகாட்டியே போதும். சில இடங்களில் பல துறைகள் சேர்ந்த குழு இருக்கும், அது சில மாதங்களுக்கு ஒருமுறைதான் கூடும். அப்படியானால் அந்தக் கூட்டத் தேதிகளை வைத்துத்தான் உங்கள் ஆண்டுத் திட்டத்தையே போட வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் வழிகாட்டியிடம் மட்டும் கேட்டால் போதாது. அங்கே இப்போது படிக்கும் மாணவர்களோடு, வழிகாட்டி இல்லாத நேரத்தில், தனியாகப் பேசுங்கள். ரத்தம் சேகரித்துத் தரும் ஆய்வு நர்ஸிடமோ ஒருங்கிணைப்பாளரிடமோ பேச முடிந்தால் இன்னும் நல்லது. ஒரு வாரத்தில் சராசரியாக எத்தனை நோயாளிகள் சம்மதிக்கிறார்கள் என்ற உண்மையான எண் அவரிடம்தான் இருக்கும். திட்ட அறிக்கையில் இருக்கும் எண் வேறு.

ஆள் சேர்ப்பே தொடங்காத ஒரு திட்டத்தில் சேரத்தான் வேண்டும் என்றால், மாற்று வேலை என்ன என்று சேரும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தில் முறையைச் செப்பனிடுவது, பொதுவில் கிடைக்கும் தரவை ஆராய்வது இரண்டும் நல்ல மாற்று.

3. விண்ணப்பம்: ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள்

தேவைப்படும் ஆவணங்கள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: இரண்டு பக்கத்துக்குள் தன்விவரம், ஒரு பக்க ஆய்வு நோக்கக் கடிதம், பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், இரண்டு அல்லது மூன்று பரிந்துரையாளர்கள், பாஸ்போர்ட். ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஓர்சிட் எண் இலவசம், சில நிமிட வேலை, இன்றே எடுத்துவிடுங்கள்.

தாமதம் எங்கே வரும் என்றால் பரிந்துரைக் கடிதத்தில். கடைசித் தேதிக்கு ஆறு வாரம் முன்பே கேளுங்கள். கேட்கும்போதே உங்கள் தன்விவரத்தையும், அவரோடு செய்த வேலையைப் பற்றி ஐந்தாறு வரிகளையும் சேர்த்து அனுப்புங்கள். பிஸியான பேராசிரியர் அந்த வரிகளைப் பார்த்துத்தான் எழுதுவார். மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே முத்திரையிட்டு நேரடியாக அனுப்ப வேண்டும் என்று சில இடங்கள் கேட்கும். அதற்கும் வாரக்கணக்கில் ஆகலாம். ஐஇஎல்டிஎஸ், டோஃபல் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். ரொம்ப முன்கூட்டியே எழுதிவிட்டு, விண்ணப்பிக்கும்போது காலாவதியாகி நிற்காதீர்கள்.

வழிகாட்டிக்கு அனுப்பும் முதல் மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். அவருடைய ஒரு கட்டுரையில் உங்களுக்கு எழுந்த ஒரு உண்மையான கேள்வி, உங்கள் கையில் இருக்கும் திறன், எப்போது சேர முடியும், பணம் எங்கிருந்து. இந்த நான்கும் போதும். "உங்கள் மகத்தான ஆய்வு" என்று தொடங்கும் மின்னஞ்சல்கள் அவருக்கு வாரம் முழுக்க வந்துகொண்டே இருக்கும்.

போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.-க்குப் பிந்தைய ஆய்வு, நிதிக்கு விண்ணப்பிப்பவர்கள் தகுதி விதியை முதலில் படியுங்கள், திட்டத்தைப் பிறகு எழுதுங்கள். ஐரோப்பாவின் மேரி கியூரி போஸ்ட்டாக் நிதி எந்த நாட்டவருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் நீங்கள் போக நினைக்கும் நாட்டிலேயே இருந்திருந்தால் பொதுவாக அங்கே போக விண்ணப்பிக்க முடியாது. "முதலில் போய்ச் சேர்ந்துவிட்டு அப்புறம் விண்ணப்பிக்கலாம்" என்று நினைப்பவர்கள் விழுவது இந்தக் குழியில்தான். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் அந்தந்த ஆண்டு வழிகாட்டியைத்தான் நம்ப வேண்டும், நண்பர் சொன்னதை அல்ல.

செலவைப் பொறுத்தவரை, விண்ணப்பக் கட்டணம், மொழித் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, விசா, பயணம், வீட்டு முன்பணம் எல்லாம் உங்கள் பையிலிருந்து முதலில் போகும். உதவித்தொகை மாத இறுதியில்தான் வரும், முதல் மாதம் வங்கிக் கணக்கு திறக்கும் தாமதத்தால் அதுவும் தள்ளிப்போகும். குறைந்தது இரண்டு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். கட்டணத் தள்ளுபடி இருக்கிறதா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம், கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

4. முதல் வாரத்தின் காகித வேலை

மனித ரத்தத்தைத் தொடும் முன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி கேட்பார்கள். வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதங்கள் என மூன்று ஊசி. கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவைப் பார்ப்பார்கள், லிட்டருக்கு 10 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். சேர்ந்த பிறகு தொடங்கினால் அரை வருடத்துக்கு மேல் ஓடிவிடும். அனுமதிக் கடிதம் வந்த உடனே ஊசியைத் தொடங்குங்கள். சிறுவயதில் போட்டிருந்தால் பழைய அட்டையைத் தேடி எடுத்து, ஆன்டிபாடி பரிசோதனை முடிவையும் சேர்த்து வையுங்கள்.

அடுத்து ஜிசிபி எனப்படும் நல்ல மருத்துவ ஆய்வு நெறிப் பயிற்சி. இணையத்தில் ஒரு நாளில் முடிக்கலாம், இலவசப் பாடங்களும் உண்டு. 2025 ஜனவரியில், ஜிசிபி-க்கு அடிப்படையான சர்வதேச ஐசிஎச் இ6 வழிகாட்டுதலின் மூன்றாம் திருத்தம் வந்துவிட்டது. எந்தத் திருத்தத்துக்கான சான்றிதழ் வேண்டும் என்று நிறுவனத்திடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். உயிரியல் பாதுகாப்புப் பயிற்சி நேரடியாகத்தான் நடக்கும், மாதம் ஒருமுறை மட்டும் நடத்தும் இடங்களும் இருக்கின்றன. முதல் நாளே பெயரைக் கொடுங்கள். சாம்பிளை விமானத்தில் அனுப்பும் வேலை இருந்தால் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டாவின் விதிகளின்படியான பயிற்சியைக் கேட்பார்கள், அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உலர் பனிக்கட்டி வைத்த பெட்டியில் யு.என்.1845 குறியீடு இல்லையென்றால் கூரியர்காரர் எடுக்கவே மாட்டார்.

சான்றிதழ்களையெல்லாம் ஒரே கோப்புறையில், காலாவதித் தேதியைக் கோப்பின் பெயரிலேயே போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மனிதரிடம் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டிக்கான விண்ணப்பத்தில் உங்கள் பெயரைச் சேர்க்கும்போது இவை எல்லாமே மறுபடி தேவைப்படும்.

5. எத்திக்ஸ் கமிட்டி

பலரும் இதை ஒரு சடங்காக நினைக்கிறார்கள். உங்கள் ஆய்வின் எல்லை இங்கேதான் முடிவாகிறது. கமிட்டி கேட்கும் ஆவணங்கள் இவை: ஆய்வுத் திட்டம், பங்கேற்பாளர் தகவல் தாள், ஒப்புதல் படிவம், ஆய்வாளர்களின் தன்விவரமும் ஜிசிபி சான்றிதழும், தரவைப் பாதுகாக்கும் திட்டம், நிதி விவரம், சாம்பிள் வேறு நிறுவனத்துக்குப் போகிறதென்றால் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம். இவற்றில் கடைசியாகச் சொன்ன ஒப்பந்தம் கமிட்டியைவிட அதிகக் காலம் பிடிக்கும், ஏனென்றால் அது இரண்டு நிறுவனங்களின் சட்டப் பிரிவுக்கும் போய் வர வேண்டும். அதையும் கமிட்டி விண்ணப்பத்தையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள், ஒன்று முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மொத்தத்தில் மூன்று முதல் ஆறு மாதம் என்று மனதில் வைத்துத் திட்டமிடுங்கள். சீக்கிரம் வந்தால் லாபம்.

ஒப்புதல் படிவத்தில் ஐந்து விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: மரபணு வரிசைப்படுத்தல் செய்யலாமா, மீதிச் சாம்பிளை எதிர்கால ஆய்வுக்கு வைத்திருக்கலாமா, வேறு நாட்டுக்கு அனுப்பலாமா, நிறுவனங்களோடு பகிரலாமா, பங்கேற்பாளரை மறுபடி தொடர்புகொள்ளலாமா. இந்த ஐந்துக்கும் பங்கேற்பாளர் தனித்தனியாக ஆம் அல்லது இல்லை என்று குறிக்கும்படி பெட்டி போடுங்கள். முன்பு நான் இருந்த ஓர் ஆய்வகத்தில் அருமையான சாம்பிள்கள் இருந்தன, ஆனால் பழைய படிவத்தில் மரபணு ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒவ்வொரு செல்லின் மரபணுச் செயல்பாட்டையும் தனித்தனியாகப் படிக்கும் சிங்கிள் செல் வரிசைப்படுத்தலுக்குப் பணம் தயாராக இருந்தும் குப்பிகள் ஃப்ரீசரிலேயே கிடந்தன. நோயாளிகளைத் தேடிப்பிடித்து மறு ஒப்புதல் வாங்குவது லேசான வேலையில்லை, சிலர் உயிரோடு இருக்கவும் மாட்டார்கள்.

திட்டத்தைச் சமர்ப்பிக்கும் முன்பே புள்ளியியலாளர் ஒருவரைப் பாருங்கள். "ஏன் 40 பேர்?" என்று கமிட்டி கேட்கும். "மற்றவர்கள் அப்படித்தான் செய்தார்கள்" என்பது பதிலாகாது.

சீனியரின் பழைய விண்ணப்பத்தை அப்படியே நகலெடுத்து மாற்றுவது எல்லோரும் செய்வதுதான், தவறில்லை. ஆனால் மனிதரிடம் செய்யும் மருத்துவ ஆய்வுக்கான நெறிகளைச் சொல்லும் ஹெல்சிங்கி பிரகடனம் 2024 அக்டோபரில் திருத்தப்பட்டுவிட்டது. பழைய டெம்ப்ளேட்டில் 2013 பதிப்பின் பெயர் இருந்தால் மாற்றுங்கள். நோயின் பெயரைக்கூட மாற்றாமல் அனுப்பப்பட்ட விண்ணப்பங்களும் உண்டு, சிரிக்காதீர்கள்.

எலி வேலை இருந்தால் அதற்குத் தனிக் கமிட்டி, தனிப் பயிற்சி. இனப்பெருக்கக் காலத்தையும் கணக்கில் எடுங்கள். கர்ப்பக் காலம் சுமார் 20 நாள், குட்டி இனப்பெருக்கத்துக்குத் தயாராக 6 முதல் 8 வாரம். இரண்டு மரபணு மாற்றங்களை ஒரே எலியில் சேர்க்கப் பல தலைமுறை வேண்டும். அதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும்.

6. கையில் ரத்தம் வந்த பிறகு

ரத்தத்திலிருந்து ஒற்றைக்கரு செல்களைப் பிரிப்பதை, அதாவது பிபிஎம்சி எடுப்பதை, வேறு எதற்கும் முன்பு பழகிக்கொள்ளுங்கள். மில்லிக்கு ஒன்று முதல் இரண்டு மில்லியன் செல் கிடைக்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டால் பெரும்பாலும் சரியாக வரும். ரத்தத்தை நீர்த்து, 1.077 அடர்த்தியுள்ள ஃபைகால் என்ற திரவத்தின் மேல் கலங்காமல் மெதுவாக ஊற்றி, 400 ஜி-யில் (புவியீர்ப்பைப்போல 400 மடங்கு விசையில்) அரை மணி நேரம் சுழற்ற வேண்டும். சுழற்றும் கருவியின் பிரேக்கை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். பிரேக் போட்டு நிறுத்தினால் அடுக்குகள் கலைந்துவிடும். நின்ற பிறகு குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால், மேலே மஞ்சள் பிளாஸ்மா, அடியில் சிவப்பு, நடுவில் மெல்லிய மேகம்போல ஒரு வெள்ளை வளையம். உங்களுக்கு வேண்டியது அந்த வளையம் மட்டும்தான். ஃபைகாலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் சிவப்பணுக்கள் வளையத்தில் தங்கிவிடும், அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள்.

ரத்தம் எடுத்து எட்டு மணி நேரத்துக்குள் பிரிப்பது நல்லது. அடுத்த நாள் வந்த ரத்தத்தில் கிரானுலோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள் அடர்த்தி மாறி அந்த வளையத்துக்குள் வந்து சேரும், டி செல்களின் செயல்பாடும் குறையும். மாலை ஐந்து மணிக்கு வரும் சாம்பிளை "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று வைத்துவிடக் கூடாது. இந்த வேலையில் மாலை நேரம் உங்களுடையதல்ல என்பதை வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். எந்தக் குழாயில் ரத்தம் எடுப்பது என்பதையும் முதலிலேயே முடிவு செய்து, ஆய்வு முடியும்வரை மாற்றாதீர்கள். ஹெபாரின் குழாயில் எடுத்தால் அது பிசிஆரைத் தடுக்கும் என்பது நினைவில் இருக்கட்டும்.

உறைய வைப்பதற்கு, உறைபனி செல்லைச் சிதைக்காமல் காக்கும் டிஎம்எஸ்ஓ 10 சதவீதம், நிமிடத்துக்கு ஒரு டிகிரி குளிர்ச்சி, மைனஸ் 80-இல் ஓர் இரவு, பிறகு திரவ நைட்ரஜன். மைனஸ் 80-இலேயே மாதக்கணக்கில் விட்டுவைத்த செல்களை உருக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் செத்திருக்கலாம். குப்பியில் கையால் எழுதாதீர்கள், நைட்ரஜனைத் தாங்கும் ஒட்டுத்தாள் விற்கிறது.

ஒரே நாளில் நோயாளி சாம்பிளையும் ஆரோக்கியமானவரின் சாம்பிளையும் சேர்த்துச் செய்யுங்கள். நோயாளிகளை ஜனவரியிலும் மற்றவர்களை ஜூனிலும் செய்தால், தெரியும் வித்தியாசம் நோயால் வந்ததா மாதத்தால் வந்ததா என்று எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது.

7. செலவு எங்கே போகிறது

பெரும்பகுதி, செல் வகைகளை அடையாளம் காண வாங்கும் ஆன்டிபாடியில் போகும். ஒவ்வொரு ஆன்டிபாடியையும் வாங்கிய உடனே டைட்ரேஷன் செய்து, எவ்வளவு குறைவாகப் போட்டால் போதும் என்று பாருங்கள். நிறுவனம் சொல்லும் அளவு பல நேரம் தேவையைவிட அதிகம். ஒரு வாரம் செலவழித்தால் ஒரு வருடத்துக்கு மிச்சம். முழு ஆய்வுக்கும் ஒரே லாட் எண்ணில், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியில், கேட்டு வாங்குங்கள். இறந்த செல்லைக் காட்டும் சாயத்தையும் ஒரு நிற ஆன்டிபாடியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் போடும் எஃப்எம்ஓ கன்ட்ரோலையும் சிக்கனம் என்று விட்டுவிடாதீர்கள், கட்டுரை ரிவ்யூவர் முதலில் கேட்பது அதைத்தான். சுங்கத்தில் பார்சல் நிற்கும் நாட்களையும் சேர்த்து, நோயாளி வரும் தேதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஆர்டர் போடுங்கள்.

சிங்கிள் செல் வரிசைப்படுத்தலில் கிட் விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வரிசைப்படுத்தும் கட்டணமும் தரவைச் சேமிக்கும் செலவும் தனி. கட்டுரை வெளியிடும் கட்டணத்தையும் நிதி விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். வருமானம் குறைந்த நாடுகளின் நிறுவனங்களுக்குப் பல பதிப்பகங்கள் அந்நாடுகளுக்கு ஆய்விதழ்களைக் கொண்டுசேர்க்கும் ரிசர்ச்4லைஃப் திட்டத்தின் பட்டியலை வைத்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. சமர்ப்பிக்கும்போதே கேட்க வேண்டும், ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் நடக்காது.

8. கணினிப் பயிற்சி

ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழி, ஏதாவது ஒன்றில் கை ஓட வேண்டும். சாம்பிளுக்காகக் காத்திருக்கும் மாதங்கள் இதற்கு உகந்தவை. இம்போர்ட் (ImmPort), ஜியோ (GEO) ஆகிய பொதுத் தரவகங்களில் உங்கள் நோய்க்கான தரவு ஏற்கனவே இருக்கக்கூடும். வெளியான ஒரு கட்டுரையின் ஒரு படத்தை அதன் தரவிலிருந்து நீங்களே திரும்ப வரைந்து பாருங்கள். படம் ஒத்து வராவிட்டால் இன்னும் நிறையக் கற்றுக்கொள்வீர்கள். இம்யூனாலஜி சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஐயூஐஎஸ்ஸும், மருத்துவ இம்யூனாலஜிச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபோகிஸும் இளம் ஆய்வாளர்களுக்குப் பாடங்கள் நடத்துகின்றன. பயண உதவித்தொகைக்கான கடைசித் தேதி பல நேரம் கூட்டப் பதிவுக்கு மாதங்கள் முன்பே முடிந்துவிடும்.

9. கட்டுரையில் பெயர், கிளம்பும்போது கையெழுத்து

யார் பெயர் எந்த இடத்தில் என்பதை வேலை தொடங்கும்போதே பேசி, பேசியதை ஒரு மின்னஞ்சலாக எல்லோருக்கும் அனுப்புங்கள். சாம்பிள் தந்த மருத்துவர், ஆய்வகத்தில் செய்தவர், தரவை அலசியவர் என்று மூன்று பேர் முதல் இடத்துக்கு நிற்கும் துறை இது. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐசிஎம்ஜேஇ-யின் நான்கு நிபந்தனைகளையும் பூர்த்தி செய்பவர்தான் ஆசிரியர். சாம்பிள் மட்டும் தந்தவருக்கு நன்றியுரை. ஆனால் அவரையும் கட்டுரையை வாசித்துத் திருத்தவும், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்து அதற்குப் பொறுப்பேற்கவும் அழைத்தால் நிபந்தனைகள் நிறைவேற வழி உண்டு, சண்டையும் வராது.

மருந்து நிறுவன வேலை உங்கள் எண்ணத்தில் இருந்தால் இன்னொன்று. அங்கே நேர்காணலில் கட்டுரைகளைவிட, ஒரு சோதனை முறையை எப்படிச் சரிபார்த்தீர்கள், இரண்டு பேர் செய்தால் ஒரே எண் வருகிறதா, படிப்படியான செய்முறை ஆவணமான எஸ்ஓபி எழுதியிருக்கிறீர்களா என்றுதான் துருவுவார்கள். மருத்துவ ஆய்வகங்களுக்கான நெறிப் பயிற்சியான ஜிசிஎல்பி கிடைத்தால் விடாதீர்கள்.

லேபை விட்டுக் கிளம்பும்போது பயிற்சிச் சான்றிதழ்கள், உங்கள் பெயர் இருக்கும் கமிட்டி ஒப்புதல் கடிதம், நீங்கள் எழுதிய எஸ்ஓபிகள் ஆகியவற்றின் நகலை அனுமதி கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளித் தரவு எதையும் எடுக்கக் கூடாது, அடையாளம் நீக்கியதாக இருந்தாலும். நீங்கள் உறைய வைத்த ஒவ்வொரு குப்பிக்கும் எந்தத் தொட்டி, எந்த அடுக்கு, எந்தப் பெட்டி, எந்தக் கட்டம் என்று பட்டியல் போட்டு, வழிகாட்டியிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். அடையாள எண்ணும் இடமும் மட்டும் உள்ள அந்தப் பட்டியலின் நகல் ஒன்றை அவருடைய சம்மதத்தோடு உங்களிடமும் வைத்திருங்கள். ஆறு மாதம் கழித்து ரிவ்யூவர் கூடுதல் சோதனை கேட்டால், குப்பி எங்கே என்று உங்களைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள்.